மூக்கில் மீசை வைத்த விமானம்

எங்கள் ஊருக்கு விமானம் வருவது மழை வருவது மாதிரிதான். சில மாதம் தவறாமல் வரும், சில மாதம் எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் மேலே சத்தம் கேட்டால் முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்த இடத்தில் இருக்க மாட்டோம். கையில் கரண்டியோ டூத் பிரஷ்ஷோ, அப்படியே மாடிக்கு ஓடுவோம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த அப்பா மட்டும் விமானத்தை ‘அவியோன்’ என்றுதான் சொல்வார். அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. பார்க்கத் தொடங்கினால் அது புள்ளியாகி மறையும்வரை பார்க்க வேண்டும். பாதியில் படி இறங்குகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. அம்மா ஒருநாளும் ஏறியதில்லை. “அடுப்புல பால் இருக்குது” என்பார்.

இந்தப் பொங்கல் லீவுக்குப் பெங்களூரிலிருந்து வந்த தம்பி, வந்ததும் வராததுமாக அப்பாவின் கார் சாவியில் கை வைத்தான். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. போன மாதம் கேட் தூணில் காரை உரசிவிட்டார். “கண்ணு சரியில்ல, இனிமே ஓட்ட வேணாம்” என்றான். அப்பாவுக்கு அந்தக் கார் என்றால் உயிர். வைத்திக்குப்பத்துக்கு மீன் வாங்கக்கூட அதில்தான் போவார், மீன் நாற்றத்தோடு திரும்பி வந்து அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொள்வார். இரண்டு நாள் வாய்ச்சண்டைக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்கள். குடும்பத்தோடு மாமல்லபுரம் போய்த் திரும்புவது. ஒரு தப்பும் இல்லாமல் ஓட்டினால் சாவி அப்பாவுக்கே. இல்லையென்றால் அதோடு சரி.

அன்று அப்பா ஓட்டியதைப் பார்த்திருக்க வேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காபித் தட்டோடு நடக்கிற பெண்கூட அவ்வளவு அடக்கமாக நடந்திருக்க மாட்டாள். மரக்காணத்தில் ஒரு மாடு குறுக்கே வந்து நின்றது. அது யோசித்து முடிக்கும்வரை ஹாரன்கூட அடிக்காமல் காத்திருந்தார். தம்பிக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, பாவம்.

மதியச் சாப்பாடு முடிந்து திரும்பும்போது அம்மா முன் சீட்டில் கண்ணயர்ந்துவிட்டார். தம்பி போனில் இருந்தான். நானும் பாதித் தூக்கம். காலாப்பட்டு தாண்டி அப்பாவின் குரல் என்னை எழுப்பியது.

“பாப்பா, அங்க பாரு! அவியோன்! காத்தாடி ரெண்டும் பின்னாடி இருக்குது!”

நான் தம்பியின் மடிமேல் சாய்ந்து எட்டிப் பார்ப்பதற்குள் தென்னை மரங்கள்தான் இருந்தன.

“எங்கப்பா?”

“போயிடுச்சி. லாசுப்பேட்டை ஏர்போர்ட் பக்கம் எறங்கிச்சி, கடைசி வரைக்கும் பாத்தேன். ஒல்லியா, வெள்ளையா. மூக்காண்ட சின்னதா இன்னொரு ஜோடி ரெக்க.”

தம்பி போனை வைத்தான். “யப்பா, காத்தாடி பின்னாடி இருந்தா அது எப்பிடி பறக்கும்? இதுக்குத்தான் சொல்றேன், டாக்டர்கிட்ட கண்ண காட்டுன்னு.”

எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் அது இருந்துவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. அப்பாவுக்காகக் கொஞ்சம், எனக்காக நிறைய. முன்னால் நின்று விமானத்தை இழுக்க வேண்டிய காத்தாடி பின்னால் போய் நின்றுகொண்டு தள்ளுமா? மூக்கருகே சிறகு எதற்கு? தூக்கம் போன இடம் தெரியவில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் அப்பா வீட்டுப் பக்கம் போகாமல் விமான நிலையத்துக்குத் திரும்பினார்.

“இப்ப எங்க போற?” என்றான் தம்பி.

“கண்ண காட்டத்தான்.”

ஒரு இடத்தில் மதில் முடிந்து கம்பி வேலி வரும். அங்கே காரை நிறுத்தினார். உள்ளே, வெயிலில், அது நின்றுகொண்டிருந்தது. அப்பா சொன்னது ஒன்றுகூடத் தவறவில்லை. பெரிய இறக்கைகள் வால் பக்கம் தள்ளி இருந்தன, காத்தாடிகள் அவற்றின் முதுகில் பின்னோக்கி இருந்தன. மூக்கில் இரண்டு குட்டி இறக்கைகள், கெளுத்தி மீனின் மீசை மாதிரி. எனக்குக் கைகொட்டிச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. இப்படியும் ஒன்றைச் செய்யலாம் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்!

தம்பி போட்டோ எடுத்தான். “சரிப்பா, ஒத்துக்கறேன். சாவி உன்கிட்டயே இருக்கட்டும்.” அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பிறந்த நாள் பிள்ளைதான்.

அப்போது அம்மா காரிலிருந்து இறங்கி வேலியோரம் வந்தார். அவர் ஒரு விமானத்தை அவ்வளவு நேரம் பார்த்து நான் பார்த்ததில்லை.

“இவ்ளோ சின்னதா இருக்குதே. மேல போறப்ப இத்தனையும் எப்பிடிங்க பாத்தீங்க?”

“சும்மா ஒரு பார்வை பாத்தா தெரியாது,” என்றார் அப்பா, நெஞ்சை நிமிர்த்தி. “காலாப்பட்டு யூனிவர்சிட்டி கேட்டாண்ட கண்ணுல பட்டுச்சி. எறங்கி மறையற வரைக்கும் கண்ண எடுக்கலியே.”

அம்மா விமானத்திலிருந்து பார்வையைத் திருப்பவில்லை. “அப்ப ரோட்ட யாரு பாத்துனு இருந்தது?”

அந்த ரோட்டில் சென்னை பஸ்கள் பறக்கும், மாணவர்கள் குறுக்கே ஓடுவார்கள். நாங்கள் நால்வரும் அந்தக் காரில்தான் இருந்தோம். மறையும்வரை பார்க்கும் சட்டத்தில் வளர்ந்த எனக்கும் தம்பிக்கும் அது உறைக்கவே இல்லை. மாடி ஏறாத அம்மாவுக்குத்தான் உறைத்தது.

அப்பா வேலிக் கம்பியை விட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். தம்பி கை நீட்டவில்லை. அப்பாவும் அவனிடம் தரவில்லை. என் கையில் வைத்துவிட்டு, பின் சீட்டில் நான் உட்கார்ந்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியை முழுதாக இறக்கினார்.

வண்டியை எடுத்தேன். தெருமுனை திரும்பும்போது தலைக்கு மேல் ஏதோ இரைந்தது. என் கழுத்து தானாகவே மேலே நிமிரப் பார்த்தது.

“நீ ரோட்ட பாரு பாப்பா,” என்றார் அப்பா பின்னாலிருந்து. “மேல நான் பாத்துக்கறேன்.”