ஏழாவது நட்டு

மெக்கானிக்குக்கு மட்டை பிடிக்க வராது. ஸ்பேனரைப் பிடிக்கிற மாதிரி அதன் கழுத்தைப் பிடிப்பார். பந்து வந்து போன பிறகு சுற்றுவார். பந்து போடச் சொன்னால் மூன்றாவது பந்திலேயே தோள் பிடித்துக்கொள்ளும். ஆனாலும் இருபத்திரண்டு வருஷமாக ஊர் அணியின் பட்டியலில் பதினோராவது ஆள் அவர்தான்.

காரணம் இருந்தது. அந்த வட்டாரத்து ஆட்டங்களில் அம்பயருக்கென்று தனி ஆள் கிடையாது. எந்த அணி மட்டை பிடிக்கிறதோ, அந்த அணியில் சும்மா உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் போய் நடுவில் நிற்க வேண்டும். கடைசியில் ஆட வருகிறவர்தானே ரொம்ப நேரம் சும்மா இருப்பார்? அப்படி நின்று நின்றே அவர் அம்பயர் ஆகிவிட்டார். தன் அணியின் கேப்டனையே முதல் பந்தில் அவுட் என்று விரல் தூக்கியிருக்கிறார். கேப்டன் கோழிக்கடைக்காரர். கையில் மட்டையோடு முறைத்துக்கொண்டே போனவர், ஒரு வாரம் மெக்கானிக் வீட்டுக்கு எலும்பாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தார். அதற்கெல்லாம் மெக்கானிக் அசைகிற ஆள் இல்லை.

மற்ற அம்பயர்கள் பந்தை எண்ணக் கூழாங்கல் வைத்திருப்பார்கள். இவரிடம் ஆறு நட்டு. எல்லாம் ஒரே அளவு. ஓவர் தொடங்கும்போது ஆறும் இடது பாக்கெட்டில் இருக்கும். ஒரு பந்து முடிந்தால் ஒரு நட்டு வலது பாக்கெட்டுக்குப் போகும். இடது பாக்கெட் காலியானால் ஓவர் முடிந்தது. ஆறாம் வகுப்போடு பட்டறைக்கு வந்தவர் அவர். "ஆறுக்கு மேல எண்ண வேண்டிய அவசியம் எனக்கு வந்ததே இல்லய்யா" என்று தன்னையே கிண்டலடித்துக்கொள்வார். அதனால் வட்டாரத்தில் அவருக்கு 'நட்டு' என்றே பெயர். "நட்டு நிக்கிறாரா? அப்பச் சரி" என்று எதிர் அணிக்காரர்களே சொல்லுவார்கள். அந்த ஒரு வார்த்தைதான் அவருக்குப் பட்டம், பதக்கம் எல்லாம்.

அந்த வருஷம் எட்டு ஊர் ஆடியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆட்டம், அணிக்குப் பன்னிரண்டு ஓவர். முதல் ஆட்டத்தில் இவர்கள் தோற்றார்கள். முதலில் இறங்கிய இருவரும் அண்ணன் தம்பி. இரண்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. 'ஓடு' என்று யாரும் யாருக்கும் சொல்லாமல் இருவரும் ஒரே பக்கம் போய் நின்றார்கள். அடுத்ததில் ஜெயித்தார்கள். அதில் எதிர் அணிக்கு ஏழு பேர்தான் வந்திருந்தார்கள். மூன்றாவதில் பந்து செங்கல் சூளைக்குள் விழுந்து பாதி வெந்து வந்தது. அந்தப் பந்தை அடிக்க எதிராளிக்குத் தெரியவில்லை, இவர்கள் ஜெயித்தார்கள். இப்படித் தட்டுத்தடுமாறி ஏழாவது ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டார்கள். ஆற்றுக்கு அக்கரை ஊரோடு அந்த ஆட்டம். ஜெயிக்கிறவர் இறுதிப் போட்டிக்கு.

அக்கரையில்தான் மெக்கானிக்கின் தங்கை வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் புருஷன் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். அக்கரை அணியின் முதல் பந்துவீச்சாளர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் மெக்கானிக்கைப் பூஜ்யத்தில் போல்டாக்கிய கையோடு தங்கையையும் கட்டிக்கொண்டு போனவர்.

அன்றைக்குக் கடைசி ஓவரில் பத்து ரன் வேண்டியிருந்தது. பந்து போட வந்தது பெயிண்டர். அம்பயராக நின்றது மெக்கானிக். ஓவர் தொடங்கும் நேரத்தில் ஒரு சின்ன வேலை வந்தது. மைதானம் பாறை மாதிரி இறுகிக் கிடந்ததால் ஸ்டம்பை மண்ணில் அடிக்க முடியாது. இரும்பு ஸ்டாண்டில்தான் நிற்கும். ஸ்டாண்ட் ஆடியது. மெக்கானிக் குனிந்து பார்த்தார். நட்டின் மரை தேய்ந்து போயிருந்தது. ஓடிப்போய்த் தன் வண்டிப் பெட்டியிலிருந்து புது நட்டு எடுத்து வந்து முடுக்கினார். தேய்ந்த நட்டைப் பட்டறைப் பழக்கத்தில் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ஓவர் தொடங்கியது.

ஒன்று, ரெண்டு, சும்மா, நாலு என்று போயிற்று. பிறகு ரன் இல்லாமல் ஒன்றோ ரெண்டோ பந்து. நடுவில் அக்கரைக்காரர்கள் "ஓவர் முடிஞ்சிருச்சு, ஓவர் முடிஞ்சிருச்சு" என்று கத்தினார்கள். அவர்கள் எந்த ஓவரிலும் நாலாவது பந்திலிருந்தே அப்படித்தான் கத்துவார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை.

"இன்னும் எத்தனை?" என்று மட்டையோடு நின்ற சலூன்காரர் கேட்டார்.

மெக்கானிக் இடது பாக்கெட்டைத் தடவினார். ஒரு நட்டு இருந்தது. "கடைசிப் பந்து. மூணு ரன்னு."

பெயிண்டர் ஒரு கணம் நின்று அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு ஓடி வந்து போட்டார். சலூன்காரர் அதை நேராக அடித்தார். நாலு ரன். கோழிக்கடைக்காரர் மைதானத்துக்குள் ஓடிவந்து சலூன்காரரைத் தூக்கி, தூக்க முடியாமல் கீழே போட்டார்.

மறுநாள் காலை பட்டறையில் மெக்கானிக் முந்தின நாள் பேன்ட்டிலிருந்து எடுத்து வந்ததைத் தகர டப்பாவில் கொட்டினார். ஏழு நட்டு. ஒன்று மரை தேய்ந்தது. அதில் என்ன அதிசயம், ஏழுதானே இருக்க வேண்டும் என்று அடுத்த வண்டியைத் திருப்பி நிறுத்தினார். அப்போது போன் அடித்தது.

"அண்ணே..." தங்கை. குரல் சரியில்லை. "இவரை டீம்ல இருந்து தூக்கிட்டாங்கண்ணே."

"எதுக்கு?"

"பொண்டாட்டி ஊருக்கு விட்டுக்கொடுத்துட்டானாம். அடிக்கத் தோதா வேணும்னே போட்டானாம். மேஸ்திரி மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டாரு."

மேஸ்திரி என்பது அக்கரை அணியின் கேப்டன். வீடு கட்டுகிறவர். அவர் கட்டுகிற வீடுகளுக்குத்தான் பெயிண்டர் பெயிண்ட் அடிப்பார்.

"வேலைக்கும் வர வேணாம்னுட்டாரு. வெளியூர் ஆளைக் கூப்பிட்டுக்கிறேன்னுட்டாரு. இவரு சாப்பிடல. செவுத்தப் பாத்து உக்காந்திருக்காரு."

போனை வைத்ததும் மெக்கானிக் டப்பாவைப் பார்த்தார். அந்தத் தேய்ந்த நட்டை எந்தப் பாக்கெட்டில் போட்டோம்?

அதுதான் அவரைப் பிடித்து ஆட்டியது. வலது பாக்கெட்டில் போட்டிருந்தால் தொந்தரவே இல்லை. இடதில் ஆறு, பந்து ஆறு. இடதில் போட்டிருந்தால் இடதில் ஏழு. அப்படியானால் சலூன்காரர் அடித்த நாலு ரன் ஏழாவது பந்தில் வந்தது. அப்படி ஒரு பந்தே கிடையாது. தன் ஊர் ரெண்டு ரன்னில் தோற்ற ஊர். ஓவர் முடிந்தபோது எப்படியும் ஏழு நட்டும் வலது பாக்கெட்டுக்குத்தான் வந்திருக்கும். நட்டைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

எழுந்து நின்று ஸ்பேனரை எடுத்துக் குனிந்தார். இல்லாத ஸ்டாண்டில் இல்லாத நட்டைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டார். இடது கை இடது பாக்கெட்டுக்குப் போயிற்று. இன்னொரு முறை செய்தார். வலது கை வலதுக்குப் போயிற்று. மூன்றாவது முறை சட்டைப் பாக்கெட்டுக்குப் போயிற்று.

"என்ன, டான்ஸ் கத்துக்கிறீங்களா?" என்று சாப்பாட்டுத் தூக்கோடு வந்த அவர் மனைவி வாசலில் நின்று கேட்டாள்.

விஷயத்தைச் சொன்னார். அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "துவைக்கிறப்போ உங்க பேன்ட்டுல எப்பவும் இடது பக்கந்தான் கிரீஸ் இருக்கும்."

"அப்ப இடதுலதான் போட்டிருப்பேனா?"

"நேத்துப் பேன்ட்டுல ரெண்டு பக்கமும் இருந்துச்சு."

ஸ்கோர் எழுதிய மருந்துக்கடைக்காரரிடம் போனார். அவர் நோட்டைப் பிரித்துக் காட்டினார். "ஆறுதான் இருக்கு, பாரு."

"ஒவ்வொரு பந்தையும் பாத்து எழுதினீங்களா?"

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நடுவுல டீ வாங்கப் போனேன். வந்து பசங்ககிட்டக் கேட்டுப் போட்டுக்கிட்டேன். அதனால என்ன? ஓவருன்னா ஆறு. நீ ஓவர்னு சொன்ன, நான் ஆறு போட்டேன்."

"நீங்க ஆறு போட்டதால நான் ஓவர்னு சொன்னது சரியாயிருமா?"

"அப்புறம்?"

 மெக்கானிக் அவரை நம்பி வந்திருக்கிறார். அவர் இவரை நம்பி எழுதியிருக்கிறார்.

அன்று சாயங்காலமே வண்டியை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினார். மேஸ்திரி பாதி எழும்பிய ஒரு சுவரின் முன்னால், நேர் பார்க்கும் தூக்குக் குண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அணியில் பாதிப் பேர் அங்கேதான் சித்தாள், கொத்தன் என்று வேலையில் இருந்தார்கள். மெக்கானிக் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

"அப்ப ஏழு பந்து போட வச்சீங்கன்னு ஒத்துக்கிறீங்க" என்றார் மேஸ்திரி.

"ஒத்துக்கல. இருக்கலாம்னு சொல்றேன்."

"ஆறாவும் இருக்கலாமா?"

"ஆறாவும் இருக்கலாம்."

சாரத்தின் மேலிருந்து ஒருவர் சிரித்தார். "தங்கச்சி புருஷனுக்குச் சோறு வேணும்ல. இருபத்திரண்டு வருஷமாத் தப்பாத நட்டு, இப்பத்தான் தப்புதாம்."

நேர்மையானவர் என்று வாங்கிய பெயர், உண்மை சொல்லப் போன இடத்தில் குறுக்கே வந்து நின்றது. பெயிண்டரைக் கூட்டிவரச் சொன்னார்கள். நாலு நாள் தாடியா ஒரு நாள் தாடியா என்று தெரியாத முகத்தோடு வந்தார்.

"மாப்ள, உள்ளதைச் சொல்லுங்க. அது எத்தனாவது பந்து?"

"ஏழாவதுன்னுதான் மச்சான் எனக்குப் பட்டுச்சு."

"பின்ன ஏன்யா போட்ட?" என்று மேஸ்திரி கத்தினார்.

"மச்சான் கடைசிப் பந்துன்னாரு. அவர் நட்டு தப்பாதேன்னு போட்டேன். நமக்குத்தான் எண்ணத் தெரியலபோலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"பாத்தீங்களா, மச்சானும் மாப்ளயும் பேசி வச்சுக்கிட்டு வந்திருக்காங்க" என்றது சாரம்.

மேஸ்திரி தூக்குக் குண்டைச் சுருட்டினார். அந்தச் சுவரின் மேல் வரிசையைத் தடவிப் பார்த்தார். "கடைசி வரிசை கோணலாப் போச்சுன்னா முழுச் சுவரையும் இடிக்க மாட்டோம். அந்த வரிசையை மட்டும் பிரிச்சுக் கட்டுவோம். அந்த ஒரு பந்தைத் திரும்பப் போடுவோம். அதே ஆளு போடட்டும், அதே ஆளு அடிக்கட்டும், நீங்களே நில்லுங்க. அடி வாங்காமப் போட்டான்னா டீமுக்கும் வரட்டும், வேலைக்கும் வரட்டும்."

மெக்கானிக் ஊர் திரும்பிச் சொன்னதைக் கேட்ட கோழிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினார். "உனக்குக் கிறுக்கா? ஜெயிச்ச மேட்ச்சை எவனாவது திரும்ப ஆடுவானா?"

"ஜெயிச்சமான்னு எனக்குத் தெரியலயே."

"எனக்குத் தெரியுது, போ."

"சரி. அப்ப உன் வண்டியை இனிமே நீயே பாத்துக்க."

கோழிக்கடைக்காரரின் வண்டி மெக்கானிக்கின் குரலுக்குத்தான் கிளம்பும் என்று ஊருக்கே தெரியும். "ஒரு பந்துதான?" என்றார் கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஒரே ஒரு பந்தைப் பார்க்க இரண்டு ஊரும் வந்து நின்றது. பீல்டர்கள் போன வாரம் நின்ற இடத்தில்தான் நிற்க வேண்டும் என்று பேச்சு. யார் எங்கே நின்றார் என்பதில் அரை மணி நேரச் சண்டை. "நான் இந்தக் கல்லுகிட்டதான் நின்னேன்." "அந்தக் கல்லே போன வாரம் இங்க இல்ல." ஒரு வழியாக நின்றார்கள். மெக்கானிக் பந்துவீச்சு முனையில் ஸ்டம்புக்குப் பின்னால் நின்றார். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை என்பதே அவருக்குக் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. தங்கை வந்திருந்தாள். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. பார்த்தால் தன் ஊர் எது என்று மறந்துவிடும்போல இருந்தது.

"மூணு ரன்னு. ஒரு பந்து" என்றார்.

பெயிண்டர் ஓடி வந்தார். கால் கோட்டுக்குள் விழுந்தது. அதை மெக்கானிக் பார்த்தார். பந்து போன வாரம் மாதிரியே விழுந்தது. சலூன்காரர் போன வாரம் மாதிரியே நேராக அடித்தார். பெயிண்டரின் கைக்குக் கீழே புகுந்து, ஸ்டம்பை உரசாமல், அது மெக்கானிக்கை நோக்கி வந்தது. அவருக்குப் பின்னால் எல்லை வரைக்கும் ஒரு ஈ காக்கை இல்லை.

பந்து அவருடைய கணுக்காலுக்கு மேல் எலும்பில் 'டக்'கென்று அடித்து அங்கேயே விழுந்தது. மட்டைக்காரர்கள் ஒரு ரன் ஓடினார்கள். இரண்டாவதுக்குத் திரும்புவதற்குள் பெயிண்டர் பந்தை எடுத்துவிட்டார்.

அக்கரை ஊர் குதித்தது. மேஸ்திரி பெயிண்டரின் முதுகில் அறைந்தார். "நாளைக்குக் காலையில வந்துரு. மாடி ரூம் ரெண்டும் அப்படியே கிடக்கு."

இக்கரை ஊர் மெக்கானிக்கைச் சுற்றிக்கொண்டது. கோழிக்கடைக்காரர் முன்னால் நின்றார். "ஏன்யா காலை நீட்டுன?"

"நான் நீட்டலய்யா."

"அப்ப ஏன் விலகல? இருபத்திரண்டு வருஷமா எத்தனை பந்துக்குத் தவளை மாதிரி தாவியிருக்க? இன்னைக்கு மட்டும் கால்ல வேர் விட்டுருச்சா?"

மெக்கானிக் பதில் சொல்ல வாயைத் திறந்தார். உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று தேடினார். பந்து வந்தது தெரிந்தது. விலக வேண்டும் என்று தோன்றியது. அதற்கும் காலில் அடி விழுந்ததற்கும் நடுவில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. தங்கையை நினைத்தாரா? நினைத்த மாதிரியும் இருந்தது, வலி வந்த பிறகு நினைத்த மாதிரியும் இருந்தது.

"தெரியலப்பா" என்றார்.

"இனிமே நீ நடுவுல நிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கோழிக்கடைக்காரர் வண்டியை உதைக்கப் போனார். அது கிளம்பவில்லை. திரும்பிப் பார்த்தார், கூப்பிட ரோஷம் தடுத்தது. தள்ளிக்கொண்டு போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள்.

பெயிண்டர் வந்து மெக்கானிக்கின் பேன்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டினார். கால் கத்தரிக்காய் நிறத்துக்கு வீங்கியிருந்தது. தங்கை தண்ணீர்ப் பாட்டிலை அதன் மேல் கவிழ்த்தாள்.

"மச்சான், என்கிட்ட மட்டும் சொல்லுங்க. வேணும்னேதான நின்னீங்க?"

"தெரியல மாப்ள."

"போன வாரமும் தெரியலன்னுதான் சொன்னீங்க."

"போன வாரம் பாக்கெட்டு. இந்த வாரம் காலு."

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றாள் தங்கை. "அண்ணே, நடக்க முடியுமா?"

அவர் எழுந்து காலை ஊன்றிப் பார்த்தார். முடிகிற மாதிரியும் இருந்தது, முடியாத மாதிரியும் இருந்தது.