வெள்ளை நின்றால் கப்பல்

முகம்

குழாயில் சிறுநீரின் மேல்பாதி கொதித்து வெண்மை திரண்டது. அமிலத்தை எடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே நின்ற பெண் குழாயைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: நம் தொழிலில் கையைவிட முகம்தான் நடுங்காமல் இருக்க வேண்டும். அமிலம் விட்டதும் வெண்மை கரைந்தால் அது வெறும் உப்பு. கரையாமல் நின்றால் சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுகிறது என்று அர்த்தம். நின்றது.

அறுபதுகளில், போர்ட் பிளேரில். உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கிய சில குழந்தைகள் எங்கள் வார்டில் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு மாத்திரையைத் தினமும் கொடுப்பது நல்லதா, ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பது நல்லதா என்று மெட்ராஸில் பெரிய டாக்டர்கள் சோதித்துக்கொண்டிருந்தார்கள், எங்களையும் சேர்த்திருந்தார்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: வெள்ளை எப்போது மறைகிறது? மறைந்தால் குணம், மாத்திரையை நிறுத்தலாம். குறித்த வாரங்களுக்குள் மறையாவிட்டால் தோல்வி. பிள்ளையைக் கப்பலில் மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டும். லம்பா லைன் பகுதியிலிருந்து அப்படிப் போன ஒரு பையன் நடுக்கடலில் இறந்துபோனான். அதற்குப் பிறகு வார்டில் கப்பல் என்ற சொல்லை யாரும் உரக்கச் சொல்வதில்லை.

ஜன்னலுக்கு வெளியே நின்றவள் பிலோமினா. தூத்துக்குடிப் பக்கம், புருஷனுக்கு வண்டூரில் மீன்பிடி. அவள் மகள் ஜெசிந்தாவுடைய குழாய்தான் என் கையில் இருந்தது. நான் ஒன்றும் சொல்வதற்குள் அவள் சொன்னாள்:

"சார், நீங்க உதட்டச் சுழிக்காதீங்க. உங்க மூஞ்சியத்தான் நான் பாத்துக்கிட்டிருக்கேன்."

தெளிந்த பாட்டில்

ஒருநாள் காலை ஜெசிந்தாவின் குழாய் தெளிவாக இருந்தது. மறுநாளும் தெளிவு. அதற்கு மறுநாளும். நான் முதல்முறையாக ஜன்னலைப் பார்த்துச் சிரித்தேன். பிலோமினா சிரிக்கவில்லை. அதை நான் கவனித்திருக்கலாம்.

மாத்திரையை நிறுத்த எழுதுவதற்காக டாக்டர் வார்டுக்கு வந்தார். மலையாளி; அதிகம் பேசமாட்டார். கட்டிலில் ஜெசிந்தா தலையணைகளில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். இமைகள் வீங்கி ஒட்டியிருந்தன. பிலோமினா காலையில் கொண்டுவந்த சிறுநீர்ப் பாட்டிலை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "முருகேசா, இந்தக் குட்டியை நம்ம முன்னாலே மூத்திரம் போகச் சொல்லு."

அதைக் காய்ச்சினேன். தயிர் போல உறைந்தது. கட்டிலுக்கடியில் அவளுடைய தம்பி, நோய்நொடி இல்லாதவன், கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அன்று மாத்திரையை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். அதைவிட மோசமான நினைப்பு அடுத்து வந்தது. முன்பு மற்றப் பிள்ளைகளுக்குத் தெளிவாகக் கண்டு நான் மகிழ்ந்த குழாய்கள் எல்லாம் யாருடையவை? பிலோமினா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சின்னவனோடது சார். அவனுக்குப் பில்குல், சுத்தமாத் தண்ணி மாதிரி இருக்கும். இந்தக் கப்பல் போற வரைக்கும் சமாளிச்சிரலாம்னு நெனச்சேன்."

இரண்டாவது வீக்கம்

மாத்திரை தொடர்ந்தது. கால் வற்றியது, வயிறு வற்றியது. முகம் மட்டும் உருண்டையாக ஏறியது. கூடவே ஒரு பசி. உப்பில்லாத கஞ்சியைத் தட்டு நக்கித் தின்றுவிட்டு, பக்கத்துக் கட்டில் வங்காளிப் பையனின் சோற்றையும் முடித்துவிடுவாள். அவனுடைய அம்மா ஹிந்தியில் திட்டுவாள், பிலோமினா தமிழில் திட்டுவாள், ஜெசிந்தா மென்றுகொண்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜெசிந்தாவின் அப்பா அந்தோணி வந்தான். மகளை அடையாளம் தெரியாமல் அவள் கட்டிலைக் கடந்து போய்விட்டுத் திரும்பி வந்தான். இது நோயின் வீக்கம் இல்லை, மாத்திரையின் வீக்கம், மருந்தை விட்டால் வடிந்துவிடும் என்று விளக்கினேன். முழங்காலுக்குக் கீழே அழுத்திக் காட்டினேன், குழி விழவில்லை. அவன் தன் விரலாலும் அழுத்திப் பார்த்தான். மாத்திரை தின்னும் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் தாங்காது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபின் அதை விட்டுவிட்டேன்.

"ஒரு வீக்கத்த எறக்க இன்னொரு வீக்கத்த ஏத்துதீங்க. இதுல எது எம்பிள்ள, சார்?"

பெஞ்சில்

அந்தக் கேள்வி டாக்டரின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். ஒருநாள் தாய்மார்களை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்து, "மெட்ராஸ் சொல்றது இருக்கட்டும். குணம்னு நீங்க எதைச் சொல்வீங்க?" என்று கேட்டார். இது ஏதோ தண்டனைக்கு முந்தைய விசாரணை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பிறகு ஒருத்தி, பிள்ளை மல்லாந்து படுத்துத் தூங்க வேண்டும் என்றாள். வங்காளிப் பெண், "புக்கார் நஹி ஆனா சாஹியே" என்றாள், காய்ச்சல் வரக்கூடாதாம். இன்னொருத்திக்குப் பள்ளிக்கூடம். குழாயைப் பற்றி ஒருத்தியும் பேசவில்லை. டாக்டர் ஜெசிந்தாவிடமும் கேட்டார். அவள் யோசிக்காமல், "கருவாடு" என்றாள். பெஞ்சே சிரித்தது. பிலோமினா மட்டும் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டபோது தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"காலையில இவ கண்ணு தொறக்குமான்னு பாக்கப் பயந்துகிட்டு நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிடுதேன். அது நிக்கணும் சார்."

சாத்தம் ஜெட்டியில் கப்பல்

டாக்டர் இதையெல்லாம் மெட்ராஸுக்குச் சொல்லிப் பார்த்தார். தூக்கத்தையும் பயத்தையும் எந்தக் குழாயில் அளப்பது என்று அவர்கள் கேட்டார்களாம். நியாயமான கேள்விதான்.

ஜெசிந்தாவுக்குக் குறித்த கெடு முடிந்த அன்று சாத்தம் ஜெட்டித் துறையில் கப்பல் நின்றது. ஊதல் சத்தம் வார்டு வரை கேட்டது. நான் கடைசிக் குழாயைக் காய்ச்சினேன். அமிலம் விட்டேன். மெல்லிய புகைபோல ஒன்று நின்றது. இன்னும் இரண்டு சொட்டு விட்டேன். போகவில்லை. கரைந்துவிட்டது என்று சொல்ல எவ்வளவு சுலபம் என்பது இந்த வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். குழாயை எடுத்துக்கொண்டு போனேன்.

"இது வெள்ளையா?" என்றார் டாக்டர்.

"வெள்ளைதான் டாக்டர். முன்னைவிடக் கம்மி."

கட்டிலில் ஜெசிந்தா மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் இல்லை. டாக்டர் அவள் காலை அழுத்தினார். நெஞ்சில் குழல் வைத்து நெடுநேரம் கேட்டார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் பயம் என்பதை அன்றுதான் பார்த்தேன். இங்கேயே வைத்து ஏதாவது ஆகிவிட்டால் அவரைக் கேள்வி கேட்க மெட்ராஸ் இருக்கிறது. கடலில் ஏதாவது ஆகிவிட்டால் கேட்க யாரும் இல்லை.

"தோல்வின்னு மெட்ராஸுக்கு எழுது. அது சத்யம். மாத்திரை நிறுத்தண்டா. கப்பல் இவ இல்லாம போகட்டே."

ஆக, மெட்ராஸ் கணக்கில் தோற்றவள் எங்கள் கணக்கில் தேறிக்கொண்டிருந்தாள், எந்தக் கணக்கு சரி என்று தெரியாத பயத்தில் நாங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தோம்.

பிலோமினா, பயணத்துக்கென்று கட்டியிருந்த மூட்டையை அவிழ்த்து, அதிலிருந்து அலுமினியத் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குக் கழுவப் போனாள்.