மூத்த மகனின் திகதி

இன்பமலருக்கு லண்டன் போகும் ஆசை ஒருபோதும் பெரிதாக இருந்ததில்லை. கடற்படைத் தளத்தில் கப்பல்களுக்குப் பெயின்ற் அடித்த கணவர் இறந்த பிறகு, லிங்கநகர் வீட்டில் மகள் கிறிஸ்டினோடு இருந்தார். கிறிஸ்டினுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளைக்கு மட்டக்களப்பில் வேலை. தாயைத் தனியே விட்டுப்போக மனமில்லாமல் அவள் நாளைத் தள்ளிக்கொண்டே வந்தாள். ஆகவே 1972இல் லண்டனிலிருந்து மகன் யோசேப் விசாப் படிவத்தை அனுப்பியபோது இன்பமலர் மறுக்கவில்லை. தான் போனால்தான் மகளின் கலியாணம் நடக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

படிவத்தில் இருக்கிற பிள்ளைகள், இறந்த பிள்ளைகள் எல்லோருடைய பிறந்த திகதியும் கேட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் பிறந்த கிறிஸ்டினுக்கு மட்டுமே அப்படி ஒன்று இருந்தது. மற்றவர்களுக்கு, எந்தப் புனிதரின் பெயரோ அந்தப் புனிதரின் திருநாள்தான் நாள். அன்றைக்குக் காலையில் பூசை, வீட்டில் அவித்த பயறும் சர்க்கரையும். யோசேப்புக்கு மார்ச் பத்தொன்பது. அவனும் கடவுச்சீட்டு எடுத்தபோது, 1941 என்ற ஆண்டோடு சேர்த்து அதையே பிறந்த திகதியாகக் கொடுத்திருந்தான். இறந்துபோன மூத்தவன் நிக்கலஸுக்கு டிசம்பர் ஆறு.

"நிக்கலஸ் அண்ணா எந்த வருஷம், அம்மா?"

"யோசேப்புக்கு முதல் வருஷம்."

கிறிஸ்டின் நாற்பத்தொன்றில் ஒன்றைக் கழித்து எழுதினாள்.

நெடுநாள் கழித்துக் கொழும்பு விசா அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் இடையில் மூன்று மாதமே இருக்கிறது, ஒரு தாய்க்கு இது எப்படி என்று கேட்டு, நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

இன்பமலர் சிரித்தார். "மூண்டு மாசத்தில பிள்ளை பெற நான் என்ன முயலோ?"

அதற்குப் பிறகு சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. அந்த ஆண்டுகளின் ஞானஸ்நானப் பதிவுகளைக் கறையான் தின்றுவிட்டதாகக் கோயிலில் சுவாமி சொன்னார். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியின் வாசலில் மனு எழுதும் ஸஹாப்தீன் கொழும்புக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"அக்கா, லண்டனில இருக்கிறவர்ர திகதியில கை வைக்க ஏலாது. அது பிழையெண்டு சொன்னா அவருக்கு அங்க கரைச்சல்."

"அப்ப என்ன செய்யிறது?"

"மற்றப் பிள்ளை மௌத்தாப் போனதுதானே. அது தங்கச்சியின்ர பிள்ளை, நான் வளர்த்தனான் எண்டு ஒரு சத்தியக் கடதாசி முடிப்பம்."

"எனக்குத் தங்கச்சி இல்லை, தம்பி."

"இல்லாத தங்கச்சியைத் தேடிக் கொழும்பிலயிருந்து ஆர் வரப்போறான்?"

இன்பமலர் கிறிஸ்டினின் முகத்தைப் பார்த்தார். பிறகு சமாதான நீதவானுக்கு முன்னால் கையெழுத்துப் போட்டார். சரி பிழை யோசித்துப் போட்டதாகத் தெரியவில்லை. அலைந்து களைத்திருந்தார்.

நாற்பத்திரண்டில், உலகப்போரில் கடற்படைத் தளத்தின் மேல் குண்டு விழுந்தபோது குடும்பம் குச்சவெளிக்கு ஓடியது. அங்கே காய்ச்சலில் நிக்கலஸ் போனான். களப்புக் கரையில் புதைத்தார்கள். சிலுவை நட்ட இடத்தை அடுத்த மாரிவெள்ளம் கொண்டுபோனது. அவன் பிறந்து வாழ்ந்ததற்கு, கணவர் போன பிறகு, இன்பமலரைத் தவிர வேறு சாட்சி இல்லை.

கொழும்பு அலுவலகத்தில் வெள்ளைக்கார அதிகாரி கேட்டதை ஒரு தமிழர் மொழிபெயர்த்தார். கிறிஸ்டின் சத்தியக் கடதாசிக்காகக் கைப்பையைத் திறந்தாள்.

"நிக்கலஸ் ஆற்ற பிள்ளை?"

இன்பமலர் மகளின் கையைப் பிடித்து நிறுத்தினார். "என்ர பிள்ளை. மூத்தவன்."

"அம்மா!"

"பொறு பிள்ளை. ஐயா, அந்தத் திகதி பிழை. அது அவன்ர பேர்த் திருநாள். பிறந்த நாள் எனக்குத் தெரியாது. வருஷமும் சரியாத் தெரியாது. நல்ல மழை பெய்தது."

"யோசேப்பின்ர திகதியும் அப்பிடியோ?"

"அது அவன்ர பாஸ்போட்டில கிடக்குது. அவனைத்தான் கேக்க வேணும்."

மொழிபெயர்ப்பாளர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அதிகாரி படிவத்தில் ஒரு வரியை வெட்டி, மேலே எதையோ எழுதினார்.

"என்ன எழுதுறார்?"

"தெரியாது எண்டு எழுதுறார், அம்மா. அப்பிடியும் எழுதலாம்."

வெளியே வந்ததும் கிறிஸ்டின் வெடித்தாள். "இனி விசா வந்த மாதிரித்தான். நான் கிழவியாகி உங்களுக்குப் பக்கத்திலயே இருக்கிறன்."

"இரு. எனக்கும் ஆள் வேணும்தானே."

அவர் செய்ததைத் துணிச்சல் என்று புகழ எனக்குத் தயக்கம். மகளின் வாழ்க்கையையும் சேர்த்தல்லவா பணயம் வைத்தார். ஆனால் இருப்பவர்களுக்கு இடம் பண்ண இறந்தவர்களை அகற்றுவது எளிது. அவர்கள் மறுத்துப் பேச மாட்டார்கள். அந்த எளிமை அவருக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

விசா அடுத்த ஆண்டு வந்தது. கிறிஸ்டின் கடிதத்தை வாசித்துவிட்டுக் கதிரையில் இருந்து அழுதாள். இன்பமலர் அழவில்லை.

"தெரியாது எண்டு எழுதலாமெண்டு ஏன் ஒருத்தரும் முதலே சொல்லேல்லை?"

"நாங்கள் ஒருத்தரையும் கேக்கேல்லையே, அம்மா."

"ஓம்," என்று சொல்லிவிட்டு, அவர் களைப்போடு சுவரில் சாய்ந்து சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டார்.