வாரத்துக்கு வந்த கருப்புக் கோழி

கோழி எப்படி வளர்க்க வேண்டும் என்று பரிபூரணத்துக்குச் சொல்லிக்கொடுக்க, ராஜபாளையத்திலிருந்து ஜீப்பில் ஆள் வந்துகொண்டிருந்தது. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தது. அவளும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, ஒவ்வொரு வார்த்தைக்கும் "ஆகட்டும் மொதலாளி" என்று கேட்டுக்கொண்டாள். ஜீப் தென்னந்தோப்பு முடுக்கைத் தாண்டிய பிறகு, கேட்டதையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டுச் சோறு பொங்கப் போவாள்.

வந்தவர் காசிராஜன். பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம் வைத்திருந்தார். அதைவிடப் பெரிதாக ஒரு நாக்கு வைத்திருந்தார். கல்யாணப் பந்தியில் ஒரு கறித்துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்து இலைக்காரர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். "இது வெடக்கோழி இல்ல. ரெண்டு தரம் முட்டை விட்ட கோழி. உப்புத்தண்ணி குடிச்சு வளந்தது" என்று தீர்ப்பு வரும். சமையல்காரர் மறுக்க மாட்டார்; மிச்சப் பணம் வாங்க வேண்டும். கோழி மறுக்கும் நிலையில் இல்லை. இப்படியே இருபது வருடம் ஒரு தீர்ப்புக்கூட மேல்முறையீட்டுக்குப் போகாமல் அவர் நாக்கு செழித்தது.

எண்பதுகளின் கடைசியில் பஜாருக்கு வெள்ளைக் கோழி வந்தது. ஊர் முழுக்க அதை வாங்கித் தின்றுவிட்டு, நாட்டுக்கோழியைப் பற்றிப் பெருமூச்சு விட ஆரம்பித்தது. காசிராஜன் பெருமூச்சோடு நிற்கவில்லை. கலப்படமில்லாத கோழியைத் தானே உண்டாக்குவதாகச் சபதம் செய்தார். செய்துவிட்டு, கோழி எச்சம் தன் வேட்டியில் படாமல் அதை நிறைவேற்ற வழி தேடினார். அந்த வழிக்குப் பெயர் வாரம்.

கான்சாபுரம் பக்கம் அது பழைய ஏற்பாடு. கோழி உள்ளவர் கோழியைக் கொடுப்பார், கோழி இல்லாதவர் வளர்ப்பார். தாய்க்கோழி என்றைக்கும் கொடுத்தவருக்கே சொந்தம். குஞ்சுகள் ஆளுக்குப் பாதி. வளர்த்தவர் இரண்டு கூறாகப் பிரித்து வைப்பார்; கொடுத்தவர் தனக்குப் பிடித்த கூறை எடுத்துக்கொள்வார். பிரிக்கிற கை வேறு, எடுக்கிற கை வேறு என்பதால் சண்டை வராது.

பரிபூரணம் அப்போது கோழி இல்லாதவள். தேவதானத்தில் பிறந்து, எழுபத்தொன்பதில் கான்சாபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். களை எடுக்கப் போனது போக, வீட்டைச் சுற்றிப் பத்தொன்பது கோழி வைத்திருந்தாள். எண்பத்தொன்பது பங்குனியில் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தது. ஆறே நாளில் பத்தொன்பதும் செத்து, கூடையைக் கவிழ்த்து வைக்க வேண்டியதாயிற்று.

காசிராஜன் நாலு கோழி கொடுத்தார். மூன்றை ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தையில் அவரே பொறுக்கினார். நெஞ்சைப் பிடித்துப் பார்த்து, இறகை ஊதிப் பார்த்து, காலைத் திருப்பிப் பார்த்து எடுத்த பெருவிடைக் கோழிகள். நடந்தால் மணியகாரர் வீட்டு அம்மாக்கள் மாதிரி நடக்கும். நாலாவது, ஒரு கைப்பிடி அளவே இருந்த சிறுவிடை, கரிக்கட்டை நிறம். கோழி வியாபாரி அசன் முகம்மது கொசுறாகத் தூக்கிப் போட்டது. "இதுவும் கோழிதானா பாய்?" என்று காசிராஜன் கேட்டதற்கு, "கொக்கரிக்கும் மொதலாளி" என்று மட்டும் அவர் பதில் சொன்னார்.

வளர்ப்பு முறை ஜீப்பில் வந்தது. தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்துக் கொடுக்க வேண்டும். கம்பை உமி போகப் புடைத்துப் போட வேண்டும். குப்பைமேட்டுப் பக்கம் கோழி போகவே கூடாது. புழு தின்றால் கறியில் வாடை வரும். பரிபூரணம் ஆகட்டும் என்றாள். கோழிகள் விடிந்ததும் குப்பைமேட்டுக்குப் போயின. சாணியைக் கிளறிப் புழு தின்றன, புற்றை உடைத்துக் கரையான் தின்றன, வாய்க்கால் சகதியில் தண்ணீர் குடித்தன. அப்படி வளர்ந்த வெடைகளை, இன்னும் முட்டையிடாத இளம் பெட்டைகளை, காசிராஜன் ராஜபாளையத்தில் அறுத்து, நாலு பேரைக் கூப்பிட்டு, எலும்பைக் கடித்துக்கொண்டே, "எல்லாம் காச்சின தண்ணியோட மகிமை" என்றார். நாலு பேரும் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் காய்ச்சினார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பரிபூரணத்தால் அவரை ஏமாற்ற முடியவில்லை. கூறு வைக்கிற கையும் எடுக்கிற கையும் அவருடையதாகவே இருந்தன. கொண்டை பார்த்து ஆணா பெண்ணா என்று தெரிகிற பருவத்தில் வந்து நிற்பார். வெடைக்குத்தான் ருசி என்று வெடைகளையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்குவார், அதையே எடுத்துக்கொள்வார். அவளுக்கு மிஞ்சுவது சேவல்கள். சேவலை விற்கலாம், அடிக்கலாம், விடிகாலையில் திட்டலாம், அது முட்டையிடாது. மூன்று வருடத்தில் அந்தக் கொசுறுச் சிறுவிடை, அவள் வைத்த பெயரில் கருப்பி, தலைமுறை தலைமுறையாகப் பொரித்துத் தள்ளியும், பரிபூரணத்துக்கென்று ஒரு பெட்டைக் கோழி வாய்க்கவில்லை. தனக்கென்று ஒரே ஒரு பெட்டை இருந்தால் போதும், பிறகு எந்த ஜீப்புக்கும் ஆகட்டும் போட வேண்டியதில்லை என்பது அவள் கணக்கு.

பொரித்துத் தள்ளியது கருப்பி மட்டும்தான். பெருவிடை மூன்றும் முட்டையிட்டதோடு சரி. அடையில் உட்காருவது தங்கள் தகுதிக்குக் குறைவு என்று நினைத்தன போலும். மூன்றின் முட்டைக்கும் கருப்பிதான் தாய்.

தொண்ணூற்றிரண்டு ஆவணியில் ஒரு ஞாயிறு. கருப்பி பதின்மூன்று முட்டையில் உட்கார்ந்து பதினாறாம் நாள். ஜீப் சொல்லாமல் வந்தது. காசிராஜன் இறங்கினார். பின்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் உரக்கடை வைத்திருக்கும் வேல்சாமி, வாயைத் திறந்துகொண்டு இறங்கினார். வரும் வழியெல்லாம் கோழி சாஸ்திரம் கேட்டிருக்கிறார் என்பது தெரிந்தது. கடைசியாகக் கையில் சணல் கயிற்றோடு அசன் முகம்மது இறங்கினார்.

"தறிக்கூடத்துக்குப் பின்னால பண்ணை போட்டாச்சு" என்றார் காசிராஜன். "போர்டு எழுதக் குடுத்துட்டேன். தாய்க்கோழி நாலையும் புடிச்சுக் கெட்டுங்க பாய்."

"மொதலாளி, பெரிசு மூணையும் கொண்டு போங்க. கருப்பி அடையில இருக்கு. இன்னும் அஞ்சு நாள். பொறவு நானே பஸ்ஸுல வச்சு..."

"நாலுன்னா நாலு."

அந்த நேரம் பார்த்துக் கருப்பி தானாகவே வெளியே வந்தது. அடைக்கோழி நாளுக்கு ஒரு தடவை அப்படி வரும். அவசரமாக நாலு கொத்து கொத்தி, தண்ணீர் குடித்து, முட்டை ஆறுவதற்குள் ஓடிப்போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த நாலு கொத்துக்கு வந்த இடத்தில் மூன்று ஆம்பளைகளைப் பார்த்ததும் உடம்பு முழுக்கச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. வயிற்றில் இறகு இல்லை. கொண்டை வெளுத்திருந்தது. நின்றபடியே, நாள் முழுக்க அடக்கி வைத்திருந்ததைக் காசிராஜனின் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி இறக்கியது. அடைக்கோழியின் எச்சத்துக்கு ஒரு தனி நாற்றம் உண்டு. வேல்சாமி துண்டால் மூக்கைப் பொத்தினார். உரக்கடைக்காரரே பொத்தினார் என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

காசிராஜனின் முகம் தெளிந்தது. சட்டைப் பையிலிருந்து கால்நடை ஆஸ்பத்திரியில் கொடுத்த நோட்டீஸை எடுத்து விரித்தார்.

"பாருங்க வேல்சாமி. ஜீப்புல சொன்னேன்லா, கோழியப் பாத்த ஒடனே நோயச் சொல்லிருவேன்னு. எறகு சிலிர்ப்பு. இருக்கா? கொண்டை வெளுப்பு. இருக்கா? துர்நாற்றக் கழிச்சல். இருக்கான்னு கேக்கவே வேண்டாம்."

"அச்சு அசலா இருக்கு அண்ணாச்சி" என்றார் வேல்சாமி துண்டுக்குள்ளிருந்து.

"அய்யய்ய, கழிச்சல் இல்ல மொதலாளி" என்றாள் பரிபூரணம். "அடைக்கோழி அப்படித்தான் போவும். செத்த நேரம் எரை பொறக்க வந்திருக்கு."

"எரை பொறக்க வந்தது ஏன் பொறக்கல? தீனி எடுக்காமை. அதுவும் போட்டிருக்கு."

"நீங்க மறிச்சுக்கிட்டு நிக்கியள்ல, அதான். உள்ள வாங்க, முட்டையக் காட்டுதேன். பதிமூணு இருக்கு, இன்னும் சூடு ஆறல."

காசிராஜன் குடிசையின் வாசலைப் பார்த்தார். இடுப்பு உயரத்துக்குக் குனிய வேண்டும். வேட்டி அன்றைக்குத்தான் சலவையிலிருந்து வந்தது.

"நோய்க்கோழி படுத்த எடத்துக்குள்ள என்னையக் கூப்புடுதியா? நோட்டீஸு போட்டவன் மடையனா? இவ பட்டணத்து டாக்டரவிட மேல படிச்சிருக்கா, பாத்தீரா வேல்சாமி?"

வேல்சாமி சிரித்தார். காசிராஜன் அசன் முகம்மதுவின் பக்கம் திரும்பினார்.

"பாய், நீங்க சொல்லுங்க. முப்பது வருசமா கோழியோட பொழங்குதியள்."

அசன் முகம்மது மூன்றாவது பெருவிடையின் காலைக் கட்டி முடித்தார். நிமிர்ந்து கருப்பியைப் பார்த்தார். பரிபூரணத்தைப் பார்த்தார். அப்புறம் கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எனக்கு விக்கத்தான் தெரியும் மொதலாளி. வியாதி வக்கையெல்லாம் படிச்சவுக சொன்னாத்தான் சரி."

பரிபூரணத்துக்கு மூன்றாவது தடவையும் சொல்ல வாய் வந்தது. முட்டை உள்ளே ஆறிக்கொண்டிருந்தது. இன்னும் வாதாடினால் முட்டை ஆறும். வாதாடி ஜெயித்தாலோ கோழி ஜீப்பில் ஏறும். அவள் வேறு ஒன்றைக் கேட்டாள்.

"அப்போ இத என்ன செய்யட்டும் மொதலாளி?"

"குழி தோண்டிப் பொதை."

"உங்க கோழியாச்சே. நாளைக்குக் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"சீ, இந்தச் சீக்குக்கோழிய எவன் கேப்பான்? என் பண்ணைக்கு ஒட்டவிடவா? இது இனிமே எனக்கு இல்ல. நீயே வச்சு அழு."

"பாயும் கேட்டுக்கிடுங்க" என்றாள் பரிபூரணம். "உரக்கடை அண்ணாச்சியும் கேட்டுக்கிடுங்க. மொதலாளி எனக்குக் குடுத்துட்டாவ."

"குடுத்துட்டேன், குடுத்துட்டேன். மொதல்ல அத அந்தப் பக்கம் வெரட்டு."

விரட்ட வேண்டியிருக்கவில்லை. மறித்து நின்ற கால்கள் ஜீப் பக்கம் நகர்ந்ததும், ஒரு கொத்துக்கூட இரை எடுக்காமல் கருப்பி ஓட்டமாகக் குடிசைக்குள் நுழைந்தது. போர்டு எழுதக் கொடுத்த பண்ணைக்கு மூன்று பெருவிடைகளும் தலைகீழாகப் பயணப்பட்டன. அடையில் உட்காரத் தெரியாத மூன்று கோழியையும் காய்ச்சின தண்ணீரையும் வைத்துக் காசிராஜன் பண்ணையைப் பெருக்கப் போகிறார் என்பது அந்த ஜீப்பில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவர் சொல்லவில்லை, அவருக்கு விற்கத்தான் தெரியும்.

ஜீப் கிளம்புவதற்கு முன்னால் அசன் முகம்மது மட்டும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்தங்கியிருந்தார்.

"ஏன் பாய், நீங்களாச்சும் உள்ளதச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ ரெண்டு தரம் சொன்னியேம்மா. அவிய காதுல ஏறுச்சா?" செம்பைத் திருப்பிக் கொடுத்தார். "பொரிச்ச பொறவு ரெண்டு வெடை எனக்குக் குடுப்பியா?"

"ஒண்ணு கூடக் குடுக்க மாட்டேன். சேவல் வேணும்னா கொண்டு போங்க, எம்புட்டு வேணும்னாலும்."

"ஏட்டி, வெவரமாத்தான் இருக்க" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்புக்கு ஓடினார்.

பரிபூரணம் குனிந்து உள்ளே போனாள். மூலையில் ஓலைக் கடகத்துக்குள் கருப்பி முட்டைகளை மூக்கால் புரட்டி வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டிருந்தது. ஓரத்து முட்டை ஒன்று வெளியே நின்றது. அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். லேசாக ஆறியிருந்தது, அவ்வளவுதான். அதை உள்ளே தள்ளக் கையை நுழைத்தபோது கருப்பி மணிக்கட்டில் ஒரு போடு போட்டது. ரத்தம் வந்தது.

"கொத்து, கொத்து" என்றாள் பரிபூரணம். "இப்போ எங்கோழி நீ." கம்பை அப்படியே உமியோடு ஒரு கை அள்ளிக் கடகத்துக்குப் பக்கத்தில் போட்டாள். கருப்பி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.