சப்பாத்துக் காலால் அணைத்த கற்பூரம்

இதை எழுதலாமா என்று யோசித்து யோசித்துப் பல வருடம் தள்ளிப்போட்டேன். பெற்றவரைப் பற்றிய விஷயம், அதோடு சாமி விஷயம். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். இனியும் மூடிவைப்பது சரியில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்னில் அப்போது எங்களுக்கென்று ஒரு கோயில் கிடையாது. தம்பி நெஞ்சுச்சளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் மலைமேல் முருகனுக்குக் கற்பூரம் கொளுத்துவதாக அம்மா நேர்ந்துவிட்டார். பிள்ளை தேறி வந்தான். மலைக்கு எங்கே போவது? அப்பா வேலைத்தலத்தில் விசாரித்து, பல்லராட் என்ற ஊருக்கு அப்பால் ஒரு பழைய எரிமலை இருப்பதாக அறிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் காரில் கூட்டிப்போனார்.

எத்தனையோ காலத்துக்கு முன் நெருப்பைக் கக்கி அடங்கிய மலை. அதன் வாய் இருந்த பள்ளத்தில் புல் முளைத்து, வெள்ளைக்காரக் குடும்பங்கள் விரிப்புப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் பந்தடித்தார்கள். வழியெல்லாம் செங்கறுப்புக் கல், அப்பத்தின் நடுவைப் போல ஓட்டை ஓட்டையாக. உருகிய குழம்பில் குமிழி அடைபட்டு இறுகினால் அப்படி வருமென்றார் அப்பா. அம்மாவுக்குப் பெரிய சந்தோஷம். நெற்றிக்கண் நெருப்பில் பிறந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான மலை ஏது என்றார்.

கோடை வெயிலில் காடு பற்றிவிடுமென்று அன்று வெளியில் நெருப்பு மூட்டத் தடை. காலையில் ரேடியோவில் அப்பாவும் கேட்டவர்தான். ஆனால் கற்பூரத்தை நெருப்பென்று எங்கள் ஆட்கள் யார் நினைக்கிறோம்? அது சாமிக்குக் காட்டுவது.

உச்சியில் ஒரு கல்லுக்குத் திருநீறு பூசி, அதன்மேல் கற்பூரத்தை வைத்து அம்மா கொளுத்தினார். கைகூப்பி நின்றோம். காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. எரிகிற கட்டி உருண்டு காய்ந்த புல்லில் விழுந்தது. கீழேயிருந்து ஒருவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். அவர் வந்துசேர முன்னமே அப்பா லேஸ் கட்டிய சப்பாத்துக் காலால் அதை மிதித்தார். புகை அடங்கும்வரை தேய்த்துத் தேய்த்து மிதித்தார்.

“கீழே என் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், உனக்கு மூளை இல்லையா?” என்று வந்தவர் ஏசினார். அப்பா தலையைக் குனிந்தபடி திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். நான் கூனிக்குறுகிப் போனேன்.

அந்த மனிதர் போனபின் அம்மா மெல்லக் கேட்டார். “சாமிக்கு ஏத்தினதை மிதிச்சுப் போட்டியளேப்பா. பிள்ளைக்கு ஏதும் வந்தால்?”

“வாறது எனக்கு வரட்டும்,” என்றார் அப்பா. “பிள்ளைக்கு ஒண்டும் வராது.”

அதற்குப் பிறகு வீட்டுப் பூசையில் அப்பா கற்பூரத் தட்டைத் தொடவில்லை. அம்மா காட்ட, சமையல் நடக்கும் குசினியின் வாசலில் எட்ட நின்று கும்பிடுவார். வெள்ளைக்காரனுக்குப் பயந்து மிதித்துவிட்டு, இப்போது சாமியோடும் கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். அவருக்குப் பிள்ளையாக இருப்பதே வெட்கமாக இருந்தது. தம்பிக்குச் சளி, தடிமன் பிடிக்கிற நாட்களில் மட்டும் அவர் ஏன் அந்த வாசலைவிட்டு நகராமல் நின்றார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. வாறது தனக்கு வரட்டும் என்று சொன்னவர் அந்தச் சொல்லுக்குக் காவல் நின்றிருக்கிறார் என்பது வெகு பிந்தித்தான் விளங்கியது.

கற்பூரம் காற்றில் தானாக அணைந்தது என்று சொந்தக்காரர்கள் இப்போது சொல்லித் திரிகிறார்கள். அப்பாவின் மானத்தைக் காப்பாற்றுகிறார்களாம். நீங்கள் இதை யாருக்காவது சொன்னால் அப்படி மாற்றிவிடாதீர்கள். சப்பாத்துக் காலால் மிதித்தார் என்றே சொல்லுங்கள்.