ரித்விக்கின் பல்லில் குடியிருந்த பூச்சி

குழந்தைகள் பல் கிளினிக்கில் பாதி வேலை வாயைத் திறக்க வைப்பது. எனக்கு இட்ட வேலை வாயை மூடிக்கொண்டிருப்பது.

பல்லைக் கடித்துக்கொண்டு லீவில் வேலை பார்க்கும் சக தியாகிகளே, கேளுங்கள். இன்டர், அதாவது இந்த ஊர் பிளஸ் டூ, பரீட்சை முடிந்ததும் சைனிக்புரியில் சித்தியின் கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்கார்ந்தேன். யார் குரலும் எனக்கு வரும். சித்தி குரலில் கம்பவுண்டரை இரண்டு தடவை டீ வாங்க அனுப்பியதில், மிமிக்ரிக்குத் தடை.

புது வெர்ஷன்

ரித்விக்குக்கு நாலு வயது. சர்க்கரைப் பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்குகிறவன். கடைவாயில் சொத்தை. இப்போதே அடைத்தால் பல் பிழைக்கும், தள்ளிப்போட்டால் பிடுங்க வேண்டியதுதான் என்றாள் சித்தி.

அப்பா சாஃப்ட்வேர். காதில் மொபைல். "பால் பல்லுதானே டாக்டர்? புது வெர்ஷன் தானா வரும்ல?"

"அது வர இன்னும் ஆறு வருஷம் ஆகும் சார். அதுவரைக்கும் எதால மெல்லுவான்?"

மொபைலை அணைத்தார். "அப்ப பழசுக்கே சப்போர்ட் குடுங்க."

நக்கோ

ரித்விக் வாயைத் திறந்தால்தானே? அம்மா தமிழில் கெஞ்சினார், அப்பா இங்கிலீஷில் மிரட்டினார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "நக்கோ." இந்த ஊர் உருதுவில் 'வேண்டாம்'.

பல்லில் பூச்சியே கிடையாது, கிருமிதான் என்று நாள் முழுக்க விளக்குகிறவள் சித்தி. அவள் பக்கத்திலேயே நின்று, உதடு அசையாமல் கீச்சுக் குரலில் சொன்னேன்: "டேய், நான் உன் பல்லுல இருக்கற பூச்சி. உள்ள ஒரே இருட்டு. கதவைத் திறடா!"

வாய் 'ஆ'வென்று திறந்தது. சித்தி டிரில்லை எடுத்தாள். வாய் படக்கென்று மூடியது.

"நக்கோ ஆன்ட்டி! பூச்சி பாவம்! என் ஃப்ரெண்டு!"

சித்தி என்னைப் பார்த்தாள். "நீ கூட்டிட்டு வந்த பூச்சி. நீயே அனுப்பு."

அமீர்பேட்

பூச்சி தொண்டையைச் செருமியது. "ரித்விக், நான் அமீர்பேட் போறேண்டா. ஹாஸ்டல்ல இடம் கிடைச்சிருச்சு, ஜாவா படிக்கணும். நான் போனதும் ஆன்ட்டி கதவை அடைச்சிடுவாங்க. நீ படுத்துக்கிட்டு பாட்டில் குடிச்சே, வாசனைக்குத் திரும்பி வந்துடுவேன். என் படிப்பு போச்சு!"

அவன் யோசித்தான். கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்து வேலை தேடுகிறவர்கள் எல்லாம் போய்த் தங்கும் பேட்டை அமீர்பேட்; அங்கே படிக்கும் மாமா அவனுக்கும் ஒருவர் உண்டு. வாய் திறந்தது. பல் பிழைத்தது.

அடுத்த மாதம் செக்கப்புக்கு வந்தான். பாட்டிலை அவனே குப்பையில் போட்டுவிட்டானாம். பல் தேய்க்காமல் படுப்பதில்லையாம். என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் கேட்டான்:

"அக்கா, பூச்சிக்கு உத்யோகம் வச்சிந்தா?" வேலை கிடைத்துவிட்டதா என்று, பாதித் தெலுங்கில்.

பல்லில் பூச்சியே கிடையாது என்று சித்தி உள்ளே விளக்கிக்கொண்டிருக்க, அந்த இல்லாத பூச்சிக்கு நான் வெளியே வேலை தேடிக்கொண்டிருக்கிறேன்.