சாமிக்குப் போட்ட நம்பர்

என் மகள் நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்தால் போதும், நான் கொல்லிமலைக்குப் போய்விடுவேன். அந்த வாசம் அப்படி. அவள் சிரிப்பாள், சிரிக்கட்டும். நெயில் பாலிஷ் தடவிச் சம்பளம் வாங்கிய ஆண்பிள்ளை எங்கள் தெருவில் நான் ஒருவன்தான்.

தொல்லியல் வேலையில் சேர்ந்த புதிது. கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்கிற பகுதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மிளகுக்கொடி படர்ந்த சரிவில் மூச்சு வாங்க ஏறினால் ஒரு குகை. கற்கால மனிதர்கள் குடியிருந்த இடம். அவர்கள் தீட்டி வழவழப்பாக்கிய கல்கோடரிகள் உள்ளே இருந்தன. கோடரி என்று சொன்னதெல்லாம் நாங்கள்தான். ஊர்க்காரர்களுக்கு அவை சாமி. மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு கல்லின் அடியிலும் மையால் எண் எழுதி, அழியாமலிருக்க மேலே நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசுவது என் வேலை. அதை வாங்கப் போகும்போதெல்லாம் கடைக்காரர் கேட்காமலே "அக்காவுக்கு" என்று சொல்லித் தொலைப்பேன்.

பூசாரி சடையனுக்கும் என் வயதுதான். பக்கத்தில் குந்தியபடி கண்ணெடுக்காமல் பார்த்தார்.

"ஏனுங்க, சாமிக்கு எதுக்குங்க நம்பரு? பஸ்ஸுங்களா?"

"தொலஞ்சு போனா கண்டுபிடிக்கத்தானுங்க."

"இதுவரைக்கும் தொலையலீங்களே."

எங்கள் அதிகாரிக்கு அத்தனை கல்லையும் நகரத்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அங்கேதான் பத்திரம் என்பார். நானும் பலமாகத் தலையாட்டினேன். சடையன் சண்டைக்கு வரவில்லை. "சாமிகிட்டயே கேட்டுக்கலாமுங்க" என்றார். கல்லின் தலையில் பூ வைத்துக் காத்திருக்க வேண்டும். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம்.

ஒவ்வொரு கல்லாகக் கேட்டார். பூவெல்லாம் இடப்பக்கமே விழுந்துகொண்டிருந்தது. அதிகாரியின் முகத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பு முட்டியது. கடைசியில் இருந்தது எலுமிச்சங்காய் அளவுக் கல். அதன் பூ வலப்பக்கம் விழுந்தது.

சடையன் சொன்ன சொல்லை மாற்றவில்லை. கல்லைத் தன் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"பாத்துக்குங்க சாமி. சின்னது."

சாமி என்று சொன்னது என்னையா கல்லையா, தெரியாது.

போன மாதம் அங்கே போயிருந்தேன். வாசலூர்பட்டிப் படகுத்துறைக்குப் போகிற கார்களாக ரோட்டில் நெரிசல். அப்போது இருந்த ஒற்றையடிப் பாதை இல்லை, சிமெண்டுப் படிகள் வந்துவிட்டன. குகைக்குள் பல்பு எரிகிறது. கற்கள் அப்படியே வரிசையில் நிற்கின்றன. சடையன் ஒன்றைத் தூக்கி அடிப்பக்கம் காட்டினார். என் கையெழுத்து, இன்றைக்கு எழுதியதுபோல. என் வேலை என்றால் வேலைதான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

வரிசையின் கடைசியில் ஒரு கல் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். வெறும் தரைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தது.

"அந்தச் சின்னது சௌக்கியங்களா?" என்றார்.

அருங்காட்சியகம் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது அது எந்தப் பெட்டியில் போனதோ, கேட்டால் ஆளாளுக்குக் கையை விரிக்கிறார்கள். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"தொலஞ்சு போச்சுங்க."

அவர் கோபப்படவில்லை. புரியாதவராக என்னையே பார்த்தார்.

"நம்பரு போட்டிருந்தீங்களே."